மூக்கில் சும்மா இருந்த கிருமி, திடீரென நோயாக மாறுவது ஏன்? வேலூர் ஆய்வுகள் சொல்லும் கதை

போன வாரம் ஆம்பூரில் இருந்து அக்கா ஒரு போட்டோ அனுப்பினாள். லேப் ரிப்போர்ட். கூடவே ஒரு வாய்ஸ் நோட்: "தம்பி, குட்டிப் பையன் காதுல சீழ் வந்துச்சுல்ல, அதை டெஸ்ட் பண்ணதுல ஏதோ நிமோகாக்கஸ்னு வந்திருக்கு. டாக்டர் பயப்பட ஒண்ணும் இல்லைனு மருந்து கொடுத்துட்டார். ஆனா நெட்ல பார்த்தா நிமோனியா, மூளைக் காய்ச்சல்னு என்னென்னமோ போட்டிருக்கு. எங்கிருந்துடா வந்துச்சு இது? நான் வேலைக்குப் போய் காப்பகத்துல விட்டதாலயா?"

அக்கா ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறாள். காலை ஷிஃப்ட்டுக்கு ஓடும்போது பையனைக் காப்பகத்தில் விட்டுவிட்டுப் போவாள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் ஆயிரக்கணக்கான வீடுகளில் காலை இப்படித்தான் விடிகிறது. அதனால் அவள் கேட்ட கேள்வி அவளுடையது மட்டும் இல்லை.

இதில் இன்னொரு விஷயம். அக்காவின் மூத்த மகளுக்கு ஐந்து வயது. அவள் ஓடியாடிக்கொண்டு ஜாலியாக இருக்கிறாள். ஆனால் அவள் மூக்கிலும் இதே கிருமி இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஒரே வீடு, ஒரே பாய், ஒரே கிருமி. ஒருத்தியிடம் சத்தமில்லாமல் இருப்பது, இன்னொருத்தனிடம் சீழாக வெளியே வருகிறது. ஏன்?

இந்த 'ஏன்'-க்கு விடை தேடியவர்களில் சிலர், அக்கா வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் இருக்கும் வேலூரில்தான் வேலை செய்தார்கள்.

யார் இந்த வாடகைக்காரர்?

முழுப்பெயர் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நிமோனியே. செல்லமாக நிமோகாக்கஸ். 1881ல் பிரான்சில் லூயி பாஸ்டரும், அமெரிக்காவில் ஜார்ஜ் ஸ்டெர்ன்பெர்க்கும் தனித்தனியாக இதைக் கண்டுபிடித்தார்கள். நம் மூக்குக்குப் பின்னால், தொண்டைக்கு மேலே ஒரு சின்ன இடம் இருக்கிறது. அதுதான் இதன் வீடு.

பெரும்பாலான நேரம் அது அங்கே எந்தத் தொல்லையும் கொடுக்காமல் தங்கியிருக்கும். சில வாரம், சில மாதம். அப்புறம் உடம்பின் எதிர்ப்புச் சக்தி அதைக் காலி செய்யும். பிறகு வேறு ஒரு வகை வந்து குடியேறும். இப்படி நோயே இல்லாமல் கிருமியை மட்டும் சுமந்து திரிவதைத்தான் மருத்துவத்தில் 'கேரியேஜ்' என்கிறார்கள்.

இது அபூர்வமா என்று கேட்டால், இல்லவே இல்லை. தமிழ்நாட்டின் கிராமப்புறத்தில் பிறந்த 464 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2000களின் தொடக்கத்தில் வெளியானது. இரண்டு மாத வயதிலேயே பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகளின் மூக்கில் நிமோகாக்கஸ் இருந்தது. ஆறு மாதத்தில் பத்தில் ஏழு குழந்தைகளிடம் இருந்தது. வேலூர் பகுதிக் குழந்தைகளிடம் 1990களில் நடந்த ஆய்விலும் இதே கதைதான்: பிறந்த முதல் சில மாதங்களுக்குள் கிருமி வந்து சேர்ந்துவிடுகிறது.

கவனியுங்கள். இந்தக் குழந்தைகளில் மிகப் பெரும்பாலானோருக்கு நிமோனியாவோ மூளைக் காய்ச்சலோ வரவில்லை. ஆகவே "கிருமி எங்கிருந்து வந்தது?" என்பதை விட, "இத்தனை பேரிடம் சும்மா இருப்பது, சிலரிடம் மட்டும் ஏன் எல்லை தாண்டுகிறது?" என்று கேட்பதுதான் சரியான கேள்வி.

சட்டையில் இருக்கிறது சூட்சுமம்

நிமோகாக்கஸின் மரபணுத் தொகுப்பு மொத்தம் சுமார் 20 லட்சம் எழுத்துகள், ஏறக்குறைய 2,000 மரபணுக்கள். மனிதனோடு ஒப்பிட்டால் சின்ன நோட்டுப் புத்தகம்தான். அந்தப் புத்தகத்தில் ஒரு பகுதி மட்டும் ரொம்ப முக்கியம். கிருமியைச் சுற்றி ஒரு சர்க்கரைச் சட்டையை எப்படித் தைப்பது என்று சொல்லும் பகுதி அது. இந்தச் சட்டைக்குப் பெயர் கேப்சூல்.

ரத்தத்தில் ரோந்து போகும் வெள்ளை அணுக்கள் கிருமியைப் பிடித்து விழுங்கப் பார்க்கும். கேப்சூல் வழுக்கிவிடும். எண்ணெய் தடவிய மீனைக் கையால் பிடிக்கிற மாதிரி. சட்டை இல்லாத நிமோகாக்கஸ் ரத்தத்துக்குள் போனால் பெரும்பாலும் பிழைக்காது.

சட்டை தைக்கும் மரபணுக்கள் கிருமிக்குக் கிருமி வேறுபடும். அதனால் சட்டையும் வேறுபடும். இதுவரை 100க்கும் மேற்பட்ட சட்டை வகைகள் கண்டறியப்பட்டுள்ளன. ஒவ்வொன்றுக்கும் 1, 5, 6B, 14, 19A, 23F என்று எண் வைத்திருக்கிறார்கள்.

வேலூர் கதைக்குள் வருவது இங்கேதான். 1993 முதல் 1997 வரை, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் (சிஎம்சி) டாக்டர் குரியன் தாமஸ் ஒருங்கிணைக்க, இந்தியாவின் ஆறு மருத்துவமனைகள் சேர்ந்து ஒரு கண்காணிப்பை நடத்தின. ரத்தத்திலோ மூளைத் தண்டுவட நீரிலோ நிமோகாக்கஸ் நுழைந்த நோயாளிகளைக் கண்டுபிடித்து, ஒவ்வொருவரிடமும் எந்தச் சட்டை போட்ட கிருமி இருந்தது என்று பார்த்தார்கள். முடிவுகள் 1999ல் 'லான்செட்' இதழில் வந்தன.

அதில் பளிச்சென்று தெரிந்த விஷயம்: 1, 5 என்ற இரண்டே வகைகள் சேர்ந்து, பத்தில் கிட்டத்தட்ட மூன்று நோயாளிகளுக்குக் காரணமாக இருந்தன.

ஆச்சரியம் என்னவென்றால், ஆரோக்கியமான குழந்தைகளின் மூக்கில் தேடினால் வகை 1 அவ்வளவாகக் கிடைப்பதே இல்லை. உலகெங்கும் இப்படித்தான். மூக்கில் அபூர்வம், ரத்தத்தில் சாதாரணம். வகை 23F போன்றவை அப்படியில்லை. அவை மூக்கில் மாதக்கணக்கில் தங்கும், குழந்தைக்குக் குழந்தை பரவும், ஆனால் எல்லை தாண்டுவது ஒப்பீட்டளவில் குறைவு.

ஆக, ஒரே பெயர் கொண்ட கிருமிக்குள்ளேயே 'தங்கிப் பிழைப்பவர்'களும் இருக்கிறார்கள், 'வந்தவுடன் கதவை உடைப்பவர்'களும் இருக்கிறார்கள். எது எது என்பதை முதலில் தீர்மானிப்பது மரபணு.

சட்டையை மாற்றிக்கொள்ளவும் தெரியும்

கிருமிகள் ஒரே சட்டையோடு காலம் தள்ளுவதும் இல்லை. இதைக் கண்டுபிடித்த சோதனை, பள்ளியில் பயாலஜி படித்த எல்லோருக்கும் தெரிந்ததுதான். மார்க்குக்காகப் படித்ததால் மறந்திருப்போம்.

1928ல் லண்டனில் ஃபிரெட்ரிக் கிரிஃபித் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார். சட்டை இல்லாத உயிருள்ள நிமோகாக்கஸை ஊசி போட்டால் எலிக்கு ஒன்றும் ஆகவில்லை. சட்டை போட்ட கிருமியைச் சூடாக்கிக் கொன்று ஊசி போட்டாலும் ஒன்றும் ஆகவில்லை. இரண்டையும் சேர்த்துப் போட்டால் எலி செத்துப்போனது. செத்த எலியின் ரத்தத்தில், சட்டை போட்ட கிருமிகள் உயிரோடு நீந்திக்கொண்டிருந்தன.

செத்துப்போன கிருமியிடம் இருந்து ஏதோ ஒன்றை உயிருள்ள கிருமி எடுத்துக்கொண்டு, தனக்குச் சட்டை தைத்துக்கொண்டது. அந்த 'ஏதோ ஒன்று' டிஎன்ஏ என்று 1944ல் ஆஸ்வால்ட் ஏவெரியும் அவர் சகாக்களும் நியூயார்க்கில் நிரூபித்தார்கள். கிரிஃபித் அதைப் பார்க்கவில்லை. 1941ல் லண்டன் மீது நடந்த குண்டுவீச்சில் அவர் இறந்துவிட்டார்.

பாரம்பரியத்தைச் சுமப்பது டிஎன்ஏதான் என்று மனித இனம் தெரிந்துகொண்டதே நிமோகாக்கஸ் போட்ட பிச்சை என்று சொல்லலாம்!

இந்த எடுத்துக்கொள்ளும் வேலை எலிக்குள் மட்டும் நடப்பது இல்லை. குழந்தைகளின் மூக்கில் தினமும் நடக்கிறது. ஒரே மூக்கில் இரண்டு மூன்று வகைகள் ஒன்றாகத் தங்கும்போது, ஒன்றின் மரபணுத் துண்டை இன்னொன்று எடுத்துக்கொள்ளும். தாய்லாந்து-மியான்மர் எல்லையில் உள்ள மேலா அகதிகள் முகாமில் சேகரித்த 3,000க்கும் மேற்பட்ட நிமோகாக்கஸ் மாதிரிகளின் மரபணுவைப் படித்து 2014ல் வெளியிட்டார்கள். மரபணுப் பரிமாற்றம் அங்கே எவ்வளவு சகஜம் என்று அதில் தெரிந்தது. பென்சிலினுக்கு அடங்காத தன்மையும் இப்படித்தான் கைமாறுகிறது. பக்கத்தில் வாழும் வேறு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இனங்களிடமிருந்துகூட அந்தத் துண்டுகளை நிமோகாக்கஸ் வாங்கி ஒட்டிக்கொண்டிருக்கிறது.

தோல் ஊருக்குத் தெரிந்த இன்னொரு சட்டை: அடைப்பான்

சட்டைக்கும் ஆபத்துக்கும் உள்ள தொடர்பைப் புரிந்துகொள்ள, நம் தோல் பெல்ட்டுக்குப் பரிச்சயமான இன்னொரு கிருமியைப் பார்க்கலாம். ஆடு மாடுகளுக்கு வரும் அடைப்பான் நோய், அதாவது ஆந்த்ராக்ஸ். பச்சைத் தோல், கம்பளி, எலும்பு கையாளும் தொழில்களில் உலகெங்கும் பயந்த நோய் இது.

ஆந்த்ராக்ஸ் கிருமியின் ஆயுதங்கள் அதன் முக்கிய டிஎன்ஏவில் இல்லை. பிளாஸ்மிட் என்ற இரண்டு தனி வளையங்களில் இருக்கின்றன. ஒன்றில் விஷம் தயாரிக்கும் மரபணு. இன்னொன்றில் சட்டை தைக்கும் மரபணு. 1930களில் தென்னாப்பிரிக்காவில் மாக்ஸ் ஸ்டெர்ன் என்பவர் கண்டெடுத்த ஒரு வகையில் சட்டை வளையம் தொலைந்துபோயிருந்தது. அவ்வளவுதான், கொல்லும் கிருமி சாதுவாகிவிட்டது. அதையே கால்நடைத் தடுப்பூசியாக உலகம் பயன்படுத்தத் தொடங்கியது.

ராணிப்பேட்டையில் 1932ல் தொடங்கிய கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையத்துக்கு முன்னால் தினமும் பஸ்ஸில் போகிறவர்கள் எத்தனையோ பேர். அங்கே தயாராகும் தடுப்பூசிகளில் அடைப்பான் தடுப்பூசியும் ஒன்று.

ஆந்த்ராக்ஸும் நிமோகாக்கஸும் வேறு வேறு. ஆந்த்ராக்ஸ் நம் மூக்கில் சாதுவாகக் குடியிருப்பது இல்லை. ஆனால் பாடம் ஒன்றுதான்: ஒரு கிருமி சாதுவா, முரடா என்பதைச் சில மரபணுக்கள் இருப்பதும் இல்லாததுமே மாற்றிவிடலாம்.

ஒரே ஆளுக்குள் கிருமி மாறிப்போகுமா?

சரி, வெளியிலிருந்து முரட்டு வகை வந்தால் நோய் வரும். ஏற்கெனவே உள்ளே சாதுவாக இருந்தது முரடாக மாறுமா?

இதற்குத் தெளிவான உதாரணம் வேறு ஒரு கிருமியிடம் கிடைத்தது. ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ். பெரியவர்களில் பத்தில் மூன்று பேர் மூக்கில் சும்மா இருக்கும். சிலருக்குக் கொப்புளம், சிலருக்கு ரத்தத்தில் தொற்று.

ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் இந்தக் கிருமியைச் சுமப்பவர்களின் மூக்கிலிருந்து அவ்வப்போது மாதிரி எடுத்துவந்தார்கள். அதில் ஒருவருக்கு ஒரு வருடத்துக்கும் மேல் எந்தத் தொல்லையும் இல்லை. பிறகு திடீரென்று ரத்தத் தொற்று வந்தது. மூக்கில் இருந்த பழைய கிருமியையும் ரத்தத்தில் இருந்த கிருமியையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டார்கள். ஒரே பரம்பரை. இடையில் நடந்தது எட்டே எட்டு எழுத்துப் பிழைகள். அவற்றில் பாதி, ஏதோ ஒரு புரதத்தைப் பாதியில் வெட்டிவிடும் பிழைகள். அதில் ஒன்று, மற்ற மரபணுக்களை அடக்கி ஆளும் ஒரு 'சூப்பர்வைசர்' மரபணுவில் விழுந்திருந்தது. 2012ல் இது வெளியானது.

2017ல் அதே குழு நூற்றுக்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பார்த்தபோதும், தொற்று உண்டான இடத்தில் இருந்த கிருமிகளில் இப்படிப்பட்ட மாற்றங்கள் தற்செயலை விட அதிகமாகத் தென்பட்டன. அதாவது, சிலரிடம் கிருமி உடம்புக்குள்ளேயே பரிணாமம் அடைந்து முரடாகிறது.

நிமோகாக்கஸில் இது இவ்வளவு நேராக இல்லை. ஒரே நோயாளியின் ரத்தத்திலும் மூளை நீரிலும் இருந்த கிருமிகளை நூற்றுக்கணக்கில் ஒப்பிட்ட நெதர்லாந்து ஆய்வில், 'மூளைக்குள் போக வைக்கும் பிழை' என்று எதுவும் சிக்கவில்லை. நிமோகாக்கஸிடம் இருப்பது வேறொரு வித்தை.

டிஎன்ஏவிலேயே ஒரு ரெகுலேட்டர்

வீட்டு ஃபேன் ரெகுலேட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். நிமோகாக்கஸின் டிஎன்ஏவில் ஒரு பகுதி தானாகவே திரும்பி, இடம் மாறி, ஆறு நிலைகளில் ஏதாவது ஒன்றில் வந்து நிற்கும். ஒவ்வொரு நிலையிலும் டிஎன்ஏ மேல் வேதியியல் குறிகள் வேறு வேறு இடங்களில் விழும். அதனால் எந்த மரபணு எவ்வளவு வேலை செய்யும் என்பது மாறும். பிரிட்டனின் லெஸ்டர் பல்கலைக்கழகக் குழு 2014ல் இதை விளக்கியது.

ஒரு நிலையில் சட்டை மெல்லிசாக இருக்கும். மூக்கின் சுவரில் ஒட்டிக்கொள்ள அதுதான் வசதி. இன்னொரு நிலையில் சட்டை தடிமனாக இருக்கும். ரத்தத்தில் தப்பிக்க அதுதான் உதவும். ஒரே மூக்கில் இரண்டு விதமும் கலந்தே இருக்கும். ரத்தத்துக்குள் தவறி விழும்போது, தடிமனான சட்டை போட்டவை மட்டும் பிழைக்கும்.

எழுத்துப் பிழை நிரந்தரம். இது அப்படியில்லை, திரும்பவும் மாறும். அதனால்தான் நோயாளியிடம் எடுத்த கிருமியில் 'குற்றவாளி மரபணு' எதுவும் சிக்காமல் போகிறது.

கதவைத் திறந்துவிடுவது யார்?

இவ்வளவு இருந்தும் கிருமி தனியாக முடிவெடுப்பதில்லை. பல சமயம் கதவைத் திறந்துவிடுவது ஒரு வைரஸ்.

ஃப்ளூ வந்தால் மூக்கு, நுரையீரல் பாதையின் உள்சுவர் சேதமாகும். சளி பெருகும். ஃப்ளூ வைரஸின் ஒரு நொதி, நம் செல்களின் மேல் இருக்கும் சர்க்கரையை வெட்டிவிடும். அந்தச் சர்க்கரை நிமோகாக்கஸுக்குச் சாப்பாடு. தூங்கிக்கொண்டிருந்த வாடகைக்காரருக்கு விருந்தும் கிடைத்து, உள் அறைக் கதவும் திறந்துகிடந்தால் என்ன ஆகும்? 1918 ஃப்ளூவில் இறந்தவர்களின் பாதுகாத்து வைக்கப்பட்ட நுரையீரல் மாதிரிகளை 2008ல் மறுபடி ஆராய்ந்தபோது, பெரும்பாலோரைக் கொன்றது வைரஸுக்குப் பின்னால் வந்த பாக்டீரியா நிமோனியாதான் என்று தெரிந்தது.

அடுத்து, வீட்டின் சொந்தக்காரர். அதாவது நாம். மண்ணீரல் இல்லாதவர்கள், எச்ஐவி உள்ளவர்கள், சர்க்கரை நோயாளிகள், புகைபிடிப்பவர்கள், ரொம்பச் சின்னக் குழந்தைகள், முதியவர்கள்: இவர்களிடம் காவல் குறைவு. நெதர்லாந்து நோயாளிகளின் மரபணுவையும் அவர்களிடம் இருந்த நிமோகாக்கஸின் மரபணுவையும் சேர்த்தே படித்த ஓர் ஆய்வு 2019ல் வந்தது. கிருமி உள்ளே நுழையுமா என்பதில் கிருமியின் மரபணுவுக்குப் பெரிய பங்கு இருந்தது. நுழைந்த பிறகு நோய் எவ்வளவு கடுமையாகும் என்பதில் அதற்குப் பங்கு தெரியவில்லை. அங்கே மனிதரின் மரபணு பேசியது.

எளிமையாகச் சொன்னால்: உள்ளே நுழைவது கிருமியின் கை. அப்புறம் நடப்பதில் நம் உடம்பின் பங்கு பெரிது.

குட்டிப் பையன் விஷயத்தில் நடந்தது இதை விடச் சாதாரணமானது. மூக்குக்குப் பின்புறத்தையும் நடுக்காதையும் இணைக்கும் ஒரு குழாய் இருக்கிறது. குழந்தைகளுக்கு அது குட்டையாக, படுத்த வாக்கில் இருக்கும். சளி பிடித்தால் குழாய் அடைத்துக்கொள்ளும். மூக்கில் இருந்த கிருமி பக்கத்து அறைக்குள் போய் மாட்டிக்கொள்ளும். ரத்தத்துக்கோ மூளைக்கோ அது போகவில்லை.

இதனால் கிருமிக்கு என்ன லாபம்?

இந்தக் கேள்விக்கு விடை ஒற்றை வரி: ஒன்றும் இல்லை.

நிமோகாக்கஸ் பரவுவது மூக்குச் சளி வழியாக. ரத்தத்துக்குள் போன கிருமி அடுத்த குழந்தைக்குப் போக வழி இல்லை. மூளைக்குள் போனால் சுத்தமாக முட்டுச்சந்து. நோயாளி இறந்தாலும் பிழைத்தாலும், அந்தக் கிருமியின் பரம்பரை அங்கேயே முடிகிறது.

அப்படியென்றால் ஆயுதம் எதற்கு? நிமோகாக்கஸிடம் நிமோலைசின் என்ற விஷப் புரதம் இருக்கிறது. அது மூக்கில் எரிச்சலைக் கிளப்பி, சளியைப் பெருக்கும். குழந்தை தும்மினால் கிருமி அடுத்த வீட்டுக்குப் போகும். எலிகளில் செய்த சோதனைகள் இதைக் காட்டியுள்ளன. ஆக, அந்த ஆயுதம் கொல்வதற்காக வந்தது இல்லை, ஊர் விட்டு ஊர் போக எடுத்த பஸ் டிக்கெட். தவறான இடத்துக்குப் போனால் அதே டிக்கெட் நம்மைக் கொல்கிறது.

கேரியேஜையே குறைத்தால்?

நிமோகாக்கஸ் தடுப்பூசியின் ஐடியாவே இதுதான். சர்க்கரைச் சட்டையின் துண்டை ஒரு புரதத்தோடு இணைத்துக் கொடுப்பார்கள். கான்ஜுகேட் என்ற பெயர் அதனால்தான். உடம்பு அந்தச் சட்டையை அடையாளம் கண்டு வைத்துக்கொள்ளும். இது நோயை மட்டும் தடுப்பதில்லை. அந்தச் சட்டை போட்ட கிருமி மூக்கில் குடியேறுவதையும் குறைக்கும். பேரனுக்குப் போட்ட ஊசி தாத்தாவையும் காப்பாற்றுவது இதனால்தான். அமெரிக்காவில் குழந்தைகளுக்குப் போடத் தொடங்கியதும், ஊசி போடாத முதியவர்களிடமும் நோய் குறைந்தது.

அமெரிக்காவில் 2000ல் வந்த முதல் ஊசியில் ஏழு சட்டைகள். அதில் 1, 5 இல்லை. அங்கே அவை பெரிய பிரச்சினை இல்லை. நம் ஊரில் எது பிரச்சினை என்று தெரிய, வேலூர் போன்ற இடங்களின் கணக்குகள் தேவைப்பட்டன. இந்தியாவின் சீரம் இன்ஸ்டிட்யூட் தயாரித்து 2020ல் அறிமுகமான பத்துச் சட்டை ஊசியில் 1, 5 இரண்டும் உண்டு.

2017ல் சில மாநிலங்களில் மட்டும் தொடங்கி, 2021ல் தமிழ்நாடு உட்பட நாடு முழுவதும் இந்த ஊசி அரசுத் திட்டத்தில் இலவசமாக வந்தது. ஆறாவது வாரம், 14வது வாரம், ஒன்பதாவது மாதம் என்று மூன்று தவணை.

கிருமி சும்மா இருக்குமா? இருக்காது. அமெரிக்காவில் ஏழு சட்டைகள் ஒடுங்கியதும், ஊசியில் இல்லாத 19A தலைதூக்கியது. அதில் சில, ஊசிக்குச் சிக்கிய பழைய பரம்பரைகளே 19A சட்டையை வாங்கி மாட்டிக்கொண்டவை. 1928ல் கிரிஃபித்தின் எலிக்குள் நடந்தது, நிஜ உலகில் மறுபடி நடந்தது. 2010ல் வந்த 13 சட்டை ஊசியில் 19A சேர்க்கப்பட்டது. நம் பத்துச் சட்டை ஊசியிலும் அது இருக்கிறது. அடுத்த சட்டை எது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் தென்கிழக்கு ஆசியப் பகுதிக்கான மேற்கோள் ஆய்வகமாக வேலூர் சிஎம்சி இருப்பது இந்த வேலைக்குத்தான்.

மாத்திரை போட்டு மூக்கைச் சுத்தம் பண்ணிடலாமா?

பலருக்கும் தோன்றும் ஐடியா. மெடிக்கல் ஷாப்பில் ஒரு பட்டை ஆன்டிபயாட்டிக் வாங்கிக் கொடுத்தால் கிருமி போய்விடாதா?

வேண்டாம். சாதாரண கிருமிகள் செத்து, மருந்துக்கு அடங்காதவை மட்டும் மிஞ்சும். காலியான இடத்தை அவை பிடித்துக்கொள்ளும். மரபணுத் துண்டுகளைக் கைமாற்றும் பழக்கம் உள்ள கிருமி என்பதை மறக்க வேண்டாம். கொஞ்ச நாளில் பக்கத்துக் குழந்தையிடமிருந்து புதுக் கிருமி வந்தும் சேரும். ஆரோக்கியமான குழந்தையின் மூக்கில் இருக்கும் நிமோகாக்கஸுக்கு வைத்தியம் தேவையில்லை. அதே நேரம், நோய்க்காக டாக்டர் எழுதிய மருந்தைப் பாதியில் நிறுத்தவும் கூடாது.

சரி, எதற்குப் பயப்பட வேண்டும்?

மூச்சை எண்ணுங்கள். குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது முழுதாக ஒரு நிமிடம், மொபைலில் டைமர் வைத்து:

- 2 மாதத்துக்குள்: நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல்
- 2 மாதம் முதல் 1 வயதுக்குள்: 50 அல்லது அதற்கு மேல்
- 1 முதல் 5 வயதுக்குள்: 40 அல்லது அதற்கு மேல்

இப்படி இருந்தால் அது வேகமான மூச்சு. அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். மூச்சு இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்தால், பால் குடிக்க முடியாவிட்டால், வலிப்பு வந்தால், எழுப்பினாலும் சோர்ந்து கிடந்தால், கழுத்து விறைத்தால் வீட்டில் காத்திருக்க வேண்டாம். 108க்குக் கூப்பிடுங்கள்.

வீட்டுக்குள் புகை வேண்டாம், சிகரெட்டோ விறகு அடுப்போ. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். வீட்டில் 65 வயது தாண்டியவர்களோ நாள்பட்ட நோய் உள்ளவர்களோ இருந்தால், அவர்களுக்கும் நிமோகாக்கஸ் ஊசி தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

அக்காவுக்கு நான் சொன்னது

அன்று ராத்திரி அக்காவுக்கு போன் பண்ணினேன். "காப்பகத்துல விட்டதால வந்துச்சா?" என்று மறுபடி கேட்டாள்.

காப்பகத்தில் குழந்தைகள் சேர்ந்திருப்பதால் கிருமி பரவும் வாய்ப்பு கூடும், உண்மைதான். ஆனால் அக்கா வீட்டு மூத்தவளிடமிருந்தும் வந்திருக்கலாம். பாட்டி கொடுத்த முத்தத்திலிருந்தும் வந்திருக்கலாம். வேலைக்கே போகாத அம்மாக்களின் குழந்தைகளிடமும் அது வந்து சேர்கிறது. கிராமத்துக் குழந்தைகளில் பத்தில் ஏழு பேரிடம் ஆறே மாதத்தில் வந்தது என்று அந்த எண்ணைச் சொன்னேன். கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தாள்.

"அப்போ என் தப்பு இல்லைங்கிற."

"இல்லைக்கா. கிருமி வந்தது உன் தப்பு இல்லை. அது எல்லார் வீட்டுக்கும் வரும். ஒன்பதாவது மாச ஊசி போட்டாச்சா?"

மறுபடியும் அமைதி. அந்த மாதம் மாமியார் ஊரில் கல்யாணம், அப்புறம் ஓவர்டைம், அப்படியே தள்ளிப்போயிருக்கிறது. அதே நாளில் போட வேண்டிய தட்டம்மை-ரூபெல்லா ஊசியும் சேர்ந்து விட்டுப்போயிருக்கிறது. பையனுக்கு இப்போது ஒரு வயது இரண்டு மாதம்.

தவணை தவறினால் கதை முடிந்துவிடவில்லை. தாய்-சேய் நல அட்டையை எடுத்துக்கொண்டு பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், விட்டுப்போனதை எப்படிப் போடுவது என்று நர்ஸிடம் கேட்கச் சொன்னேன். புதன்கிழமை அரை நாள் லீவ் போட்டாள்.

மதியம் ஒரு போட்டோ வந்தது. தொடையில் பஞ்சு ஒட்டிய குட்டிப் பையன், முறைத்துக்கொண்டு. பக்கத்தில் மூத்தவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரிக்கிறாள்.